எனக்கும் அதேதான்

ஜனவரி 6, திங்கள்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. களப்பணிக்குப் போகிறவர்கள் தினமும் எழுத வேண்டும், பின்னால் கட்டுரைக்கு உதவும் என்று ஆய்வை நடத்தும் வசுமதி மேடம் சொல்லிவிட்டார். யாருடைய கட்டுரைக்கு என்று கேட்க நாக்கு துடித்தது. முதல் வேலை, முதல் நாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இடத்தின் பெயர் மலர்வனம். ஒரு செம்பருத்திகூடக் கண்ணில் படவில்லை. நகரத்தில் கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை நவம்பரில் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே விட்டிருக்கிறார்கள். எட்டு மாடிக் கட்டடங்கள், இருபத்திரண்டு பிளாக். லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. லாரி வந்து கீழே நிற்கும், குடத்தோடு இறங்க வேண்டும்.

இடம் மாறிய குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன, உடலால் எவ்வளவு உழைக்கின்றன என்பதுதான் எங்கள் ஆய்வு. முந்நூறு வீடு. வீட்டுக்கு இரண்டு பேர், கணவன் மனைவி; தனியாக இருக்கும் பெண்கள் என்றால் அவர்கள் மட்டும். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாயில் போட்டது அத்தனையும் கேட்டு எழுத வேண்டும். தினம் ஆயிரத்து ஐந்நூறு கலோரிக்குக் கீழே சாப்பிடும் பெண்களுக்கு மாதா மாதம் சத்துப் பை உண்டு: வேர்க்கடலை, பயறு, கேழ்வரகு மாவு, முட்டை. அளவு கேட்பதற்கு பெரியது, நடு, சின்னது என்று மூன்று எவர்சில்வர் கிண்ணங்கள் கொடுத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் கிண்ணத்தைக் காட்டி “இதில் எத்தனை?” என்று கேட்க வேண்டும்.

நாளுக்கு எட்டு வீடு முடிக்க வேண்டுமாம். இன்று மூன்று முடித்தேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்த மற்ற மூன்று பெண்களும் அதேபோல்தான் என்பது ஒரு ஆறுதல்.

ஜனவரி 8, புதன்

இன்று ஒன்பது வீடு!

ஜி பிளாக் ஏழாவது மாடியில் வழி பிறந்தது. தேசம்மாள், முப்பத்து நான்கு வயது. கணவர் ஏகாம்பரம், மீன் மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர். இங்கே வந்தபின் மார்க்கெட்டுக்குப் போக இரண்டு பஸ், இரண்டு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள்தான் போகிறார். இன்று வீட்டில் இருந்தார். இரண்டு பெண் குழந்தைகள், பள்ளிக்குப் போயிருந்தார்கள்.

தேசம்மாள் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் வாசல்நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். ஏகாம்பரத்திடம் முதலில் கேட்டேன். காலையில் நாஸ்டா ஆறு இட்லி, மதியம் சோறு பெரிய கிண்ணத்தில் மூன்று, கருவாட்டுக் குழம்பு, இரவும் அதே சோறு, ஒரு ஆம்லெட். அவருக்கு ஞாபகம் வராத இடத்தில் எல்லாம் தேசம்மாளே எடுத்துக்கொடுத்தார். கிண்ணத்தைக் கையில் வாங்கி, “இத்தோட மூணு. கோபுரமா வெக்கணும், அப்பதான் அவருக்கு ரொம்பும்” என்று காட்டினார்.

“நீங்கக்கா?”

“எனக்கும் அதேதாம்மா.”

“மதியம்?”

“அதேதான். வூட்ல இன்னா ஆளுக்கு ஒரு கொழம்பா வெப்பாங்க?” என்று சிரித்தார். ஏகாம்பரமும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கணவர் வரிசையில் எழுதியதை எல்லாம் திரும்ப மனைவி வரிசையில் எழுதக் கை வலித்தது. ‘அ.தே.’ என்று போட்டுக் கீழே ஒரு கோடு இழுத்தேன். அரை மணி நேரம் மிச்சம். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதே அ.தே. அதற்கடுத்த வீட்டிலும். கலோரி கணக்கு இருவருக்கும் ஒன்றாக வந்துவிடுகிறது, தேசம்மாளுக்கு 2140. எடை 41.2 கிலோ. ஒல்லிதான். ஆனால் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்.

ஜனவரி 10, வெள்ளி

வாராந்திரக் கூட்டத்தில் மேடம் நான் நிரப்பிய பாரங்களை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டினார். “செண்பகவல்லியைப் பாருங்க. கோவில்பட்டிப் பொண்ணு, மூணே நாள்ல பிடிச்சுக்கிட்டா.” இனி எல்லோரும் அ.தே. போடலாம் என்று முடிவாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுதிக்கு வரும் வழியில் எனக்கு நானே ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

ஊரில் பொங்கல். அம்மா எங்கள் எல்லோருக்கும் பரிமாறினாள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினேன்.

ஜனவரி 22, புதன்

காலடி எண்ணும் மெஷின் வந்துவிட்டது. தீப்பெட்டி அளவுதான். இடுப்பில் ஏழு நாள் மாட்டிக்கொள்ள வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். தேசம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தாயத்து கட்டி வுடுறியா? பேய் கீய் ஓடிச்சின்னா நல்லதுதான்” என்றார்.

மாட்டுவதற்கு முன் உடல் உழைப்புக் கேள்விகள் கேட்க வேண்டும்.

“வேலைக்குப் போறீங்களாக்கா?”

“முன்ன போய்க்கினு இருந்தேன், நாலு வூட்டு வேல. இங்க இருந்து எங்க போறது? இப்ப சும்மாதான் கீறேன்.”

“உடற்பயிற்சி, நடைப்பயிற்சி ஏதாச்சும்?”

அவர் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டார். “யக்கா, இந்தப் பொண்ணு நா வாக்கிங் போறனான்னு கேக்குது!” இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ‘உழைப்பு: மிகக் குறைவு’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஜனவரி 30, வியாழன்

தேசம்மாளின் மெஷினைக் கணினியில் போட்டால் ஒரு நாளைக்குச் சராசரி 27,400 அடி. சும்மா இருக்கிற பெண்ணுக்கு! மெஷின் கோளாறு, அல்லது பிள்ளைகள் மாட்டிக்கொண்டு ஆடியிருக்க வேண்டும். நேரில் போய்க் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

“புள்ளைங்க தொடலம்மா. சத்தியமா நான்தான் கட்டினு இருந்தேன்.”

“அப்புறம் எப்பிடிக்கா இவ்வளவு அடி?”

“இன்னாவோ. படி ஏறி இறங்கறதுல ஆயிருக்கும்.” தன் வீட்டுக்குப் பத்துக் குடம். எட்டாவது மாடியில் முழங்கால் போன ஒருவருக்கு நான்கு, பிள்ளை பெற்றிருக்கும் ஒருத்திக்கு ஆறு. அரிசியோ எண்ணெயோ ஏதாவது கொடுப்பார்களாம். “அது வேலையாம்மா? சும்மா கெடக்கறதுக்கு தூக்கித் தர்றதுதான்.”

மேடத்திடம் சொன்னேன். இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் வந்தால் கருவிப் பிழை என்று நீக்கிவிட வேண்டும், விதிமுறை அப்படித்தான் என்றார். நீக்கினேன். இதுபோல் இதுவரை பத்தொன்பது பெண்கள். இந்த மெஷினை யார் விற்றார்களோ, நல்லாக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஒரு விசித்திரம் கண்டுபிடித்திருக்கிறோம். ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே வந்து சத்துப் பை வாங்கும் பெண்கள் இருபத்தொரு பேரும் தனியாக இருக்கிறவர்கள். கணவனை இழந்தவர்கள், கணவன் விட்டுப் போனவர்கள். குடும்பத்தோடு இருக்கும் பெண்களில் ஒருத்தர்கூட இல்லை. மேடத்துக்குக் கண் பளபளத்தது. “தனிமை பசியைக் கொல்லுது செண்பகா. குடும்பம் ஒரு பாதுகாப்பு. இதுதான் நம்ம கட்டுரை.” மார்ச் 17 அன்று ஒரு கருத்தரங்கு. அதில் நான் பேசலாம் என்றார். நான்!

தனியாக இருப்பவர்களின் பாரத்தில் மேலே கணவரின் வரிசை கிடையாது. கிண்ணத்தைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எழுத வேண்டும், நேரம் பிடிக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

இரண்டாம் சுற்று எடை. தேசம்மாள் 38.6. மெஷினைத் தட்டிப் பார்த்தேன். நான் ஏறி நின்றேன், சரியாகக் காட்டியது. (நான் 61. விடுதியின் பூரி.) மறுபடி உணவு கேட்டேன், மறுபடி “எனக்கும் அதேதான்.”

பிப்ரவரி 26, புதன்

ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தேசம்மாளை நானே கூட்டிப் போனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. என் பாரத்தின் நகலை முழுதும் படித்தார். அப்படிப் படிக்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை, பெருமையாக இருந்தது. “ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது கலோரி. வேலையும் இல்லை. இவ்ளோ சாப்ட்டும் எடை இறங்குதுன்னா உள்ள ஏதோ இருக்கு. சுகர், தைராய்டு, டிபி எல்லாம் பார்த்துடலாம். நாளைக்குக் காலைல வெறும் வயித்துல வாங்க.”

வெளியே வந்ததும் தேசம்மாள் என் கையைப் பிடித்தார். “இன்னாம்மா, கேன்சரா இருக்குமா?”

“சேச்சே. பார்த்தாத்தான் தெரியும்.”

“பெரிய பொண்ணுக்கு பன்னெண்டு வயசுதாம்மா ஆவுது. நா போய்ட்டன்னா அதுதான் தண்ணி தூக்கணும்.”

அவர் எப்படியும் பிழைக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நினைத்தேன். சமோசா வாங்கிக் கொடுத்தேன். இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார், பெண்களுக்காம்.

மார்ச் 5, புதன்

சுகர் இல்லை. தைராய்டு சரி. ரத்தம் மட்டும் குறைவு, அது இங்கே யாருக்கு இல்லை. இன்று மறுபடி வெறும் வயிற்றில் போய்ச் சளி கொடுத்து, எக்ஸ்ரே எடுத்தார். நான் கூடப் போகவில்லை, கருத்தரங்குக்குப் படம் தயாரிக்கிற வேலை. குடும்பத்துப் பெண்களுக்குப் பச்சைத் தூண், தனிப் பெண்களுக்குச் சிவப்புத் தூண். பச்சை உயரமாக நன்றாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் மூன்று மணிக்கு ஜி பிளாக்கில் இருந்தேன். தேசம்மாளின் எடை 36.1. டிபியும் இல்லையாம். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை வயிற்றை ஸ்கேன் செய்கிறார்கள்.

வீட்டில் அவர் மட்டும்தான். இந்த வீட்டில் கணவர் இல்லாமல் நான் அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, “இரும்மா, வயித்துக்கு ஏதோ ஊத்திக்கினு வரேன்” என்றார். அடுப்படி வாசலிலிருந்தே தெரியும். காலிச் சோற்றுச் சட்டியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். கையை விட்டு ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளைச் சுரண்டினார். உப்புப் போட்டு ஒரு கலக்கு கலக்கி, சட்டியோடு தூக்கிக் குடித்தார். தட்டு எடுக்கவில்லை.

“சாப்பாடு?”

“இதான். பகல்ல எனக்கு எறங்காது. ராத்திரி பத்து மணிக்கு, அவரு வந்து, புள்ளைங்க துன்னு முடிச்சப்புறம் உக்காந்து துன்னுவேன்.”

“என்னக்கா சாப்பிடுவீங்க?”

“எல்லாருக்கும் செய்றதுதான். அதேதான்.”

“எவ்வளவு?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல. “இருக்கறத துன்றதுதாம்மா. அவரு முன்னால இதெல்லாம் கேட்றாத. சம்பாரிக்க முடியலன்னு ஏற்கெனவே நொந்து கீறாரு.”

பையில் மூன்று கிண்ணங்கள் இருந்தன. எடுக்கவில்லை. காலையில் விடுதியில் நான் பொங்கல் சாப்பிட்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

கணக்குப் போட்டேன். சட்டி கழுவிய தண்ணீருக்குக் கலோரி எவ்வளவு என்று அட்டவணையில் கிடையாது. காலையில் டீ இரண்டு, மதியம் அந்தத் தண்ணீர், இரவு ஒரு சின்னக் கிண்ணம் சோறு என்று வைத்தால் எழுநூறு வருகிறது. இரண்டு சின்னக் கிண்ணம் என்றால் எண்ணூற்று ஐம்பது. எப்படித் தாராளமாகப் போட்டாலும் ஆயிரத்தைத் தொடவில்லை.

இது ஒரு பாரம். முந்நூறு பாரத்தில் ஒன்று தப்பாக இருப்பது இயல்புதான்.

மற்ற பாரங்களையும் புரட்டினேன். இருநூற்று அறுபத்தாறு அ.தே.

மார்ச் 14, வெள்ளி

மேடத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவர் என் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். டில்லியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், நன்றாகப் பேசினால் அடுத்த ஆண்டும் என்னை வைத்துக்கொள்ளலாம் என்றார். சேலை கட்டி வரச் சொன்னார். திங்கட்கிழமை கருத்தரங்கு. அது முடிந்ததும் அன்றே சொல்லிவிடுகிறேன். மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது? டாக்டருக்கும் ஸ்கேன் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம், ஸ்கேன் எடுப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை.

சாயங்காலம் தேசம்மாளுக்குப் போன் செய்து நினைவுபடுத்தினேன். “இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாதுக்கா. தண்ணிகூடக் கொஞ்சமாத்தான்.”

“எட்டுக்கேவா?”

“ஆமா, எட்டு.”

“சரிம்மா” என்றார்.

மார்ச் 15, சனி

துணி துவைத்தேன். சேலைக்கு இஸ்திரி போட்டேன். கண்ணாடி முன் நின்று நான்கு தடவை பேசிப் பார்த்தேன், பத்து நிமிடத்துக்குள் முடிகிறது.

மார்ச் 16, ஞாயிறு

தேசம்மாள் இறந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னது இது. நேற்று ஸ்கேனுக்குக் கூட்டம். முறை வர மதியம் ஒரு மணி ஆயிற்று. பஸ் பிடித்து வீடு வந்தபோது மூன்றரை. அதே நேரத்தில் லாரி வந்து நின்றது. இரண்டு நாளாக வராத லாரி. மேலே போய் ஒரு வாய் குடித்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று அப்படியே குடத்தை வாங்கி வரிசையில் நின்றிருக்கிறார். மூன்று நடை ஏறினார். நான்காவது நடையில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டார். குடத்தைக் கீழே போடவில்லை, பக்கத்தில் வைத்தார் என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரிய பெண்தான் முதலில் பார்த்தது. மருத்துவமனைக்குப் போகும்போது மூச்சிருந்தது. விடியற்காலை நின்றுவிட்டது.

உப்புச் சத்து அடியோடு இறங்கி இதயம் நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. எல்லாம் நார்மல்.

நான் போனேன். மாலை போட்டேன். லிஃப்ட் இல்லாததால் ஏழு மாடியும் தோளில் இறக்கினார்கள். “கனமே இல்லப்பா” என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அவர் சாப்பிட்டிருக்க வேண்டியது. இருபத்து நான்கு மணி நேரத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். அதை நான் போன் செய்து நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும்.

மார்ச் 17, திங்கள்

பேசினேன். ஒன்பதரை நிமிடம். கைதட்டினார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன், அது உதவவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். கெட்டவர் இல்லை. எனக்கு அவர் கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“சொன்னதைத்தானே எழுதினோம் செண்பகா? அவங்க அதேதான்னு சொன்னாங்க, நீ அதேன்னு எழுதின.”

“அவங்க சொன்னது குழம்பை மேடம். நான் எழுதினது அளவை.”

அவர் கணினியில் தேசம்மாளின் எண்ணைத் தேடி எடுத்தார். “இவங்களுக்கு ‘தொடர முடியவில்லை’ங்கிற கோட் நம்பரைப் போட்டுடு.”

“இறந்துட்டாங்க மேடம்.”

“அதுக்குத் தனி நம்பர் இல்லைம்மா.”

நான் போடவில்லை. அவரே போட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலர்வனத்துக்குப் போய்வந்தேன். ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, பெண்கள் தனியாக இருக்கும்போது உட்கார்ந்தேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. நேற்று ராத்திரி நீங்கள் உட்காரும்போது சட்டியில் எவ்வளவு மிச்சம் இருந்தது, காட்டுங்கள் என்று கேட்டேன்.

சட்டியை எடுத்துவந்து விரலால் கோடு காட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். எஃப் பிளாக்கில் ஒருத்தி கரண்டியை ஓங்கினாள். “எங்க வூட்ல சோறு இல்லன்னு எழுதிக்கினு போய் பேப்பர்ல போடப் போறியா? என் புருசன் மானம் போறதுக்கா?” அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவளே கீழே வந்து, யாருமில்லாத இடமாகக் கூட்டிப் போய், இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். அவ்வளவு உயரம்தான் மிச்சமிருந்தது.

நாற்பத்தொரு பெண்கள். முப்பத்து நான்கு பேர் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே. இதில் ஒன்பது பேரின் அடிக் கணக்கைக் கருவிப் பிழை என்று நானே நீக்கியிருக்கிறேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். “உங்க அப்பாவுக்கு வச்சதுதான், வேற என்ன” என்றாள். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 26, புதன்

ஆய்வை மேற்பார்வையிடும் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் அனுப்பினேன். அ.தே.யைக் கண்டுபிடித்தது நான், மற்றவர்களுக்குப் போனது என்னிடமிருந்து, தெரிந்தபின் ஒரு வாரம் மறைத்ததும் நான் என்று எழுதினேன். டாக்டருக்கும் ஒரு நகல். கருத்தரங்கில் சொன்னது தவறு என்றும், அந்த முப்பத்து நான்கு பேருக்கும் உடனே பை கொடுக்க வேண்டும் என்றும் எழுதினேன்.

மார்ச் 28, வெள்ளி

இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழு கூடும்வரை பை யாருக்கும் கிடையாதாம். இதுவரை வாங்கியவர்களுக்கும் நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

ஏகாம்பரம் போன் செய்து வரச் சொன்னார். மதியம் மூன்று மணிக்குப் போனேன். பெரிய பெண் பள்ளிக்குப் போகவில்லை, குடத்தோடு படியில் எதிரே வந்தது. வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

அவர் தாடி வளர்த்திருந்தார். சுவரில் தேசம்மாளின் படம். ரேஷன் அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

“சாயங்காலம் அவ அண்ணனுங்க வரானுங்கம்மா. காரியத்தன்னிக்கே கலாட்டா. எங்க தங்கச்சிய பட்டினி போட்டு சாவடிச்சிட்டன்னு சொல்றானுங்க. எம் பொண்ணுங்க எதிர்க்கவே சொல்றானுங்க.” பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே என் பாரத்தின் நகல். மருத்துவமனைக் கோப்பிலிருந்து வாங்கியிருக்கிறார். மூலைகூட மடங்கவில்லை. “எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா டாக்டரு அன்னிக்கு சொன்னாருன்னு அவ வந்து சொன்னாளே, ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதுன்னு. நல்லா துன்னுதுன்னு. நீதானம்மா எழுதின?”

“நான்தான் எழுதினேன்.”

“அத்த அவனுங்களுக்குப் பட்ச்சுக் காட்டு. அது போதும் எனக்கு. கட்டினவள பட்டினி போடற ஆளு இல்ல நானு.”

உறையைக் கையில் வாங்கினேன். மேலே அவருடைய வரிசையில் நீல மையில் இட்லி ஆறு, சோறு மூன்று கிண்ணம். கீழே என் கையெழுத்தில் இரண்டே எழுத்து. படித்துக் காட்டிவிட்டு இறங்கிப் போய்விடலாம். அவர் நிம்மதியாக இருப்பார், அண்ணன்மார் வாயை மூடிக்கொள்வார்கள், அந்தப் பெண்களுக்கும் அப்பா மிஞ்சுவார். செத்தவரிடம் யாரும் கேட்கப் போவதில்லை. நெறிமுறைக் குழுவுக்கு எழுதியது வேறு, அது காகிதம். இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. உண்மை சொல்லவும் மனமில்லை.

“அண்ணா, இது தப்பு. உங்களுக்கு எழுதினதை அப்படியே அக்காவுக்கும் எழுதிட்டேன். அவங்க சாப்பிட்டது இது இல்லை.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகத்தில் அது மெதுவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் உறையை என்னிடமிருந்து வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தக் கட்டங்களையே பார்த்தார்.

“அப்ப அவ இன்னாதாம்மா துன்னா?”

“தெரியலண்ணா. நான் கேட்கல.”

வெளியே படியில் குடம் இடிக்கிற சத்தம் வந்து போயிற்று.

“பதிமூணு வருசம்” என்றார். “பக்கத்துலயே தட்ட வெச்சிக்கினு துன்னுருக்கேன். நானும் கேட்டதில்ல.”

ஐந்து மணிக்கு அண்ணன்மார் வந்தார்கள். அவர் எழுந்து நின்றார். காகிதத்தை எடுத்துக் காட்டவில்லை.